மாண்டிசோரி அம்மையார்

ஆசிரியத் தொழில் தலைசிறந்த தொழில் என்று எல்லாரும் ஒருமுகமாகக் கூறுவர். ஆயினும் அவ்வாசிரியர்க்குள்ளேயே உலகம் ஏற்றத்தாழ்வு கற்பிக்கத் தவறுவதில்லை. பட்டம் பெற்ற ஒருவர் கல்லூரியிற் பேராசிரியராய் அமர்ந்தால் உலகம் அவரை வணங்குகின்றது. உயர்நிலைப் பள்ளியில் அமர்ந்தால் மதிக்கின்றது. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஆசிரியராய் அமர்ந்தாலோ அவர்மேல் இரக்கங் கொள்கின்றது. குழந்தைக் கல்விப் பயிற்சியிற் சேர விரும்பும் மாணவியரைப் பெற்றோரும் உற்றாரும் தடுப்பதை எம் ஊராகிய மத்தூரிலும் கண்டிருக்கின்றோம். குழந்தைகளோடு விளையாடுவதற்கு ஒரு படிப்பும் வேண்டுமோ என்பது அவர்கள் வினா. அவ்வினாவிற்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாகத் தந்து சென்ற ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் பிறந்த நாடு இத்தாலி. எனினும் அவர் முதுமையிற் பல ஆண்டுகள் தங்கிப் பணிபுரிந்தது நம் தமிழ்நாட்டில் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இத்தாலியின் கீழ்கரைப் பகுதியிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அலெசாண்டிரோ அரசாங்க நிதித்துறை அலுவலர். தாயார் ரெனில்டே அக்காலத்துப் பெண்டிர்க்கு அரிதாயிருந்த கல்வியறிவு வாய்ந்தவர். மரியா சிறுமியாய் இருந்தபொழுதே குடும்பம் ரோமாபுரியிற் குடியேறியது. பெண்கள் கற்றால் ஆசிரியையாதற்கே கற்கவேண்டும் என்று எண்ணிய காலம் அது. தந்தையாரும் மகளுக்கு அத்தொழிலையே கருதினார். மகளோ ஆசிரியைத் தொழிலை விரும்பவில்லை. பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழிற்கல்விப் பள்ளியிற் சேர்ந்து கணக்கும் அறிவியலும் கற்றார். பொறியியல் வல்லுநர் ஆக வேண்டுமென விரும்பினார். ஆசிரியை ஆகேன் என்று உறுதிபூண்ட அப்பெண்ணே பின்னாளில் உலகத்து ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியை ஆனது காலத்தின் விந்தையே.

சின்னாளிற் பொறியியல் விருப்பம் மருத்துவ விருப்பமாக மாறிற்று. 1890இல் ரோமாபுரிப் பல்கலைக் கழகத்திற் புகுந்து முதலில் இயற்கை அறிவியல் கற்றார். பின்னர் மருத்துவப் படிப்பில் இடம் பெற்றார். தந்தையார் இசைவு கிட்டவில்லை. உடன் பயின்ற இளைஞர் பலரும் அவரை ஏளனஞ் செய்தனர். ஆடவரோடு நின்று ஆடையில்லா உடலைக் காண்டல் பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டமையால், பிணவறுவைப் பயிற்சியை எல்லாரும் சென்றபின் தனியே இருந்து செய்யவேண்டியதாயிற்று. மாலை இருளில், பிணங்களின் நடுவே, துணையின்றி நின்று கற்ற அம்மாணவியின் நெஞ்சுரம் எத்தகையது! 1896இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் அவரே என்று எழுதுவாரும் உளர். அவர்க்கு முன்னரும் சிலர் பட்டம் பெற்றிருந்தனர். எனவே முதல்வருள் ஒருவர் என்பதே பொருந்தும்.

மருத்துவரான பின் அவர் பித்தர் விடுதிகளைப் பார்வையிடும் பணியை ஏற்றார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அங்கே பித்தர்களோடு ஒருங்கு அடைக்கப்பட்டுக் கிடந்தனர். பார்க்க ஒரு பொருளோ, தொட ஒரு பொருளோ அவர்கட்கு இல்லை. மற்றையோர் அங்கு நோயைக் கண்டனர். அம்மையார் பசியைக் கண்டார். அது வயிற்றுப் பசியன்று. கைக்கும் கண்ணுக்கும் வேலை வேண்டிய பசி. இக்குழந்தைகட்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே என்று துணிந்து, இட்டார், செகான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் எழுதிய நூல்களை ஆழ்ந்து கற்றார். 1900இல் இத்தகைய குழந்தைகளுக்கு ஆசிரியராவோரைப் பயிற்றும் கல்லூரி ஒன்று ரோமாபுரியில் தோன்றியது. அதன் தலைவர் இருவருள் அம்மையார் ஒருவர். பகலெல்லாம் குழந்தைகளிடையே இருந்து தாமே கற்பிப்பார். இரவிற் கண்டவற்றையெல்லாம் எழுதி ஆராய்வார். அறிவிலிகள் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளுட் சிலர் மற்றைப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வெழுதித் தேறினர். ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாரோ வேறொன்றை எண்ணி வியந்தார். குறையுடைய குழந்தைகள் இத்துணை உயரக் கூடுமாயின், குறையில்லாக் குழந்தைகளை நம் பள்ளிகள் எத்துணைத் தாழ்வில் நிறுத்தி வைத்துள்ளன என்பதே அவர் எண்ணம்.

அதன்பின் அவர் செய்தது மாணவராகிய நாம் உற்று நோக்கற்குரியது. புகழும் பதவியும் பெற்ற மருத்துவர் 1901இல் அப்பதவியை விடுத்து, மீண்டும் மாணவியாய்ப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். மெய்யியலும் உளநூலும் மானிடவியலும் பயின்றார். குழந்தையை அறிய மருத்துவம் மட்டும் போதாது என்று அவர்க்குத் தோன்றிற்று. ஏனையோர் கற்பித்துப் புகழ் பெறும் முப்பதாம் வயதிற்கு மேல் மாணவர் இருக்கையில் மறுபடியும் அமர்வதற்குப் பெருந்துணிவு வேண்டும். அதனினும் பெரும் பணிவு வேண்டும். அவ்விரண்டும் அவரிடம் இருந்தன.

இவ்விடத்தில் அவர் வாழ்வின் துயரொன்றையும் கூறுதல் வேண்டும். கூறாக்கால் வரலாறு நிறைவுறாது. உடன் பணிபுரிந்த மருத்துவர் மாண்டிசானோ என்பவரிடம் அம்மையார் அன்புகொண்டிருந்தார். 1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் அவர்க்கு மரியோ என்னும் ஆண்மகவு பிறந்தது. திருமணம் நிகழவில்லை. மணமாகாத தாய் என்று வெளிப்பட்டால், மருத்துவத் தொழிலும் பொதுப்பணியும் அன்றே முடிவுறும். ஆதலின் குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர விடப்பட்டது. தாய் அவ்வப்போது சென்று கண்டு மீள்வார். தாம் யாரென்று மகனுக்குச் சொல்லார். ஊரார் குழந்தைகளையெல்லாம் நாள்தோறும் மடியிலும் அருகிலும் வைத்துக் காத்தவர், தம் குழந்தையின் முதற் சொல்லையும் முதல் நடையையும் காணாதவராய் இருந்தார். மரியோ பதினைந்து வயதளவில் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன்பின் இருவரும் இணைபிரியாது வாழ்ந்தனர். ஆயினும் உலகின் முன் அவனை மகனென்று கூறத் துணியாது, உறவினன் என்றே நெடுங்காலம் கூறிவந்தார். இது பற்றி அவரைக் குறைகூற யாம் முன்வரவில்லை. அக்குறை அக்காலச் சமுதாயத்தின்பாற் பெரிதும் உள்ளது.

1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் பகுதியில் முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பாகச் சீர்செய்யப்பட்ட கட்டடங்கள் அவை. பெற்றோர் விடியலில் வேலைக்குச் சென்றுவிட, பள்ளிப் பருவம் எய்தாச் சிறுவர் படிக்கட்டுகளிலும் முற்றங்களிலும் திரிந்து சுவர்களைக் கீறிப் பாழாக்கினர். சுவரைக் காக்க விரும்பிய கட்டட உரிமையாளர் குழுவினர், அச்சிறுவரை ஓர் அறையில் வைத்துக் காக்குமாறு அம்மையாரை வேண்டினர். ஐம்பது அறுபது குழந்தைகள் கூடினர். அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் வாயிற்காவலரின் மகள். ஆசிரியப் பயிற்சி பெறாதவர். சுவரைக் காக்கத் தோன்றிய அவ்வறையே உலகக் கல்வி வரலாற்றைத் திருப்பிற்று.

அங்கே அம்மையார் செய்தது என்னை? கண்டார், காத்திருந்தார், அவ்வளவே. மூன்று வயதளவான சிறுமி ஒருத்தி மரத் துளைகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி மற்றைச் சிறுவரைப் பாடச் செய்தார். அவள் இருந்த நாற்காலியையே தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. உருளைகளை எடுத்தும் இட்டும் 40 முறைக்கு மேற் செய்து, பின்னர் உறங்கி எழுந்தவள் போல் முகமலர்ந்து நிறுத்தினாள். குழந்தையின் மனம் ஓரிடத்தில் நில்லாது என்று அதுவரை உலகம் கூறிவந்தது. தனக்கேற்ற வேலை கிட்டினால் அது தவத்தோர் மனம் போல் நிற்கும் என்பதை அச்சிறுமி காட்டினாள். மற்றொரு நாள் பொருட்பெட்டி பூட்டப்படாமல் இருந்தது. ஆசிரியை வருமுன் குழந்தைகள் தாமே வேண்டியவற்றை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டென்று கருதினார். அம்மையார் விருப்பத்தேர்வென்று கருதினார். அன்று முதல் பூட்டிய பெட்டி ஒழிந்தது. குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த அடுக்குகள் வந்தன. குழந்தையின் உயரத்திற்கேற்ற மேசையும் நாற்காலியும் வந்தன.

எழுத்துக் கற்பித்தற்கு அவர் கண்ட வழி தமிழர்க்குப் புதிதன்று. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். குழந்தை விரலால் அதனைத் தடவி, ஒலியைச் சொல்லி, எழுத்தின் வடிவைக் கையில் ஏற்றுக்கொள்ளும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்த வழக்கம் ஈண்டு நினைவுக்கு வரும். விரல் அறிந்ததை மனம் மறவாது என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். வேற்றுமையும் உண்டு. திண்ணையில் ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்தார். அம்மையாரின் இல்லத்திற் பிள்ளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் விரலைத் தானே நடத்திற்று. அங்கே பிரம்பும் இல்லை, பரிசும் இல்லை.

குழந்தைகள் இல்லத்தின் புகழ் பரவவே, அதுபோல் நடத்த விரும்புவோர் பலராயினர். 1909இல் சித்தா டி காஸ்தெல்லோ என்னும் ஊரில் முதல் ஆசிரியப் பயிற்சி நிகழ்ந்தது. ஏறத்தாழ நூறு பேர் பயின்றனர். 1913இல் ரோமாபுரியில் அனைத்துலகப் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. இப்பயிற்சியிற் புகுவோர் முதலிற் கற்க வேண்டியது பேசாமை. தம் குரலால் நிறைந்த வகுப்பறையே நல்ல வகுப்பறை என்று எண்ணி வந்தவர்கள், குழந்தை வேலையில் ஆழ்ந்திருக்கும்போது பாராட்டுச் சொல்லும் இடையூறே என்று கற்றனர். ஒரு கருவியை ஆசிரியர் எத்தனை சொற்களாற் காட்டலாம், கையை எவ்வளவு மெல்ல அசைக்க வேண்டும், எப்பொழுது விலக வேண்டும் என்பன நுணுக்கமான பாடங்கள். ஒவ்வொரு கருவியையும் பற்றித் தாமே படம் வரைந்து விளக்கம் எழுதிக் குறிப்பேடு அமைக்க வேண்டும். பல மணி நேரம் ஒரு மூலையில் அமர்ந்து ஒரு குழந்தையைக் கண்டு எழுத வேண்டும். இவற்றையெல்லாம் செய்தவர், இது விளையாட்டுப் படிப்பு என்று ஒருபோதும் கூறார்.

அம்மையாரின் பிற்கால வாழ்வு அலைச்சல் மிகுந்தது. இத்தாலியின் முசோலினி ஆட்சி முதலில் அவர்க்கு ஆதரவளித்தது. ஆயின் கட்டளைக்கு அஞ்சாத குழந்தைகளை வளர்க்கும் கல்வியும் கொடுங்கோலாட்சியும் நெடுநாள் ஒத்து வாழ இயலுமோ? 1934இல் அம்மையார் இத்தாலியை விட்டு நீங்கினார். அங்கிருந்த அவர் பள்ளிகளும் மூடப்பட்டன. பார்சிலோனாவில் தங்கியிருந்தவரை 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் துரத்த, ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார். இதற்கிடையே 1931இல் இலண்டனிற் காந்தியடிகளைச் சந்தித்திருந்தார். அடிகள் அவர்தம் பயிற்சிக் கல்லூரிக்கு வந்து சொற்பொழிவாற்றினார். நம் நாட்டிற் கிஜுபாய் பதேகா என்பவர் 1920இல் பாவநகரிற் குழந்தைப் பள்ளி தொடங்கி இம்முறையைக் கையாண்டு வந்தார். எனவே, பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவி அம்மையாரும் அழைத்தபொழுது, அம்மையார் தயங்காது இசைந்தார்.

1939ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அறுபத்தொன்பதாம் வயதில், மகன் மரியோவுடன் சென்னை வந்தடைந்தார். ஐரோப்பாவிற் போர் மூண்ட காலம். அடையாற்றிற் பயிற்சி பெற வருவோர்க்காக ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேருக்கு மேல் வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேசுவார். மரியோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். கேட்போர் தத்தம் தாய்மொழியில் எண்ணிப் பார்ப்பர். மும்மடங்கு மொழி கடந்தும் பாடம் தடையுறவில்லை. பெட்டியினின்றும் எடுத்த பத்துக் கனசதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் காட்டும்போது மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை அன்றோ?

வகுப்பு முடிந்த சின்னாளில் இடி விழுந்தது. 1940ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தாலி போரிற் புகுந்தது. இந்தியாவிலிருந்த இத்தாலியர் அனைவரும் பகைநாட்டவராயினர். மரியோவை அகமதுநகர் முகாமிற் சிறைவைத்தனர். மூதாட்டியாகிய அம்மையாரோ அடையாற்றுச் சபை வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாதென்று தடுக்கப்பட்டார். இளமையில் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிப் பிரிந்த மகனை முதுமையிற் போர் பிரித்தது. ஆகஸ்டு 31ஆம் நாள் அவர்தம் எழுபதாம் பிறந்தநாள் வந்தது. அன்று வைசிராயிடமிருந்து தந்தி ஒன்று கிடைத்தது. அவர்க்கு அளிக்கத்தக்க மிகச் சிறந்த பிறந்தநாட் பரிசு அவர் மகனே என்று கருதி மரியோவை விடுவிப்பதாக அதிற் கூறப்பட்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் வெளிப்படக் கூறாது காத்த உறவை, அயல்நாட்டு அரசாங்கத்தின் தந்தி மகன் என்னும் ஒரு சொல்லாற் கூறிவிட்டது. அதனைப் படித்த தாயின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எழுத எம்மால் இயலாது.

1942 முதல் சில ஆண்டுகள் இருவரும் கோடைக்கானல் மலையில் வாழ்ந்தனர். அங்கே சிறு பள்ளி ஒன்று நடந்தது. இலங்கை நாட்டவரான லீனா விக்கிரமரத்தின என்னும் மாணவி துணைபுரிந்தார். மரஞ்செடிகளும் புழுபூச்சிகளும் பாறைகளும் சூழ்ந்த அம்மலையில், ஆறு வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குரிய கல்வித் திட்டமும் உருப்பெற்றது. உலகத்துப் பொருள்கள் யாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதைக் குழந்தைக்கு முதலில் உணர்த்தி, அதனுள் ஏனைப் பாடங்களை அடக்குவது அத்திட்டத்தின் கருத்து. 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். போர் ஓய்ந்தபின் 1946இல் ஐரோப்பா சென்று, 1947இல் மீண்டும் வந்து, 1949 வரை இந்நாட்டிற் பணிபுரிந்தார். இக்காலத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். குழந்தையின் மனம் சூழலை உறிஞ்சும் இயல்பை விளக்கும் அவரது பெருநூல் 1949இற் சென்னையிலேயே முதன்முதல் அச்சாயிற்று. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்திலுள்ள நோர்டுவைக் என்னும் கடற்கரையூரில் மகன் அருகிருக்க உயிர்நீத்தார். அவ்வூரிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

அம்மையார் முறையிற் குறையே இல்லை என்று யாம் கூறவில்லை. கருவிகளுக்கு முதன்மை தந்து கற்பனை விளையாட்டிற்கு இடங்குறைத்தார் என்று கூறும் அறிஞர் உளர். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் பல, பெருங்கட்டணம் பெற்றுச் செல்வர் பிள்ளைகளுக்கே கதவு திறக்கின்றன. பெயர்ப்பலகையில் உள்ள பயிற்சி ஆசிரியரிடத்தில் இல்லாத பள்ளிகளும் உண்டு. கூலிக்காரர் பிள்ளைகளுக்காகத் தோன்றிய இல்லம் அவர்களுக்கு எட்டாத மாளிகையானது வருந்தத்தக்கது.

எனினும் அவ்வில்லத்திற்கு உரிய குழந்தைகள் நம் கண்முன்னே உள்ளனர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மாந்தோப்புகளின் நடுவே நெடுஞ்சாலையோரம் அமைந்த எம் மத்தூரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் எண்ணிப் பாருங்கள். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்பேட்டைகளுக்குத் தாய்மாரும் தந்தைமாரும் வேலைக்குச் செல்கின்றனர். சான் லொரென்சோவில் நிகழ்ந்ததே ஈண்டும் நிகழ்கின்றது. குழந்தைகள் பாட்டியிடத்தோ அங்கன்வாடியிடத்தோ இருக்கின்றனர். எல்லைப்புறமாதலின் சிலர் வீட்டில் தெலுங்கும் சிலர் வீட்டிற் கன்னடமும் பேசிவிட்டு வந்து தமிழ்ப் பாட்டுப் பாடுகின்றனர். 1975இல் நாட்டில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழிவந்த அங்கன்வாடிகளில், பணியாளர் சத்துமாவு வழங்குகின்றனர், எடை பார்க்கின்றனர், பதிவேடுகள் எழுதுகின்றனர். இவற்றிற்கிடையே கற்பித்தலும் அவர் கடனே. 2020ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய அங்கன்வாடிப் பணியாளர்க்கு ஆறு மாதப் பயிற்சியும், அதனிற் குறைந்த படிப்புடையோர்க்கு ஓராண்டுப் பயிற்சியும் அளிக்க முன்மொழிந்தது. அக்கொள்கை பற்றிய வாதங்கள் பல. அவை ஈண்டு வேண்டா. இப்பணிக்குப் பயிற்சி வேண்டும் என்பதில் மட்டும் வாதமில்லை.

தோழர்களே, தோழியரே! நம்முள் எவரேனும் பட்டம் பெற்றபின் குழந்தைக் கல்விப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணினால், அவர் கீழே இறங்குகின்றார் என்று கருதற்க. மருத்துவப் பட்டம் பெற்றவர், அது போதாதென்று மீண்டும் மாணவியாகி, மூன்று வயதுச் சிறுமியின் முன் தரையில் அமர்ந்து கற்றார். பேராசிரியர் தவறினால் மாணவன் வேறு நூலைப் பார்த்துத் திருத்திக் கொள்வான். மூன்று வயதுக் குழந்தைக்கு வேறு நூல் இல்லை, ஆசிரியரே நூல். ஆதலின் மிக்க கல்வி எங்கே வேண்டும் என்பதை நாமே தெளிந்து, அத்தெளிவை நம் இல்லத்தாருக்கும் எடுத்துரைப்போமாக.